ஓட்டுச் சாவடியில் எழுத்தரும் சாட்சியும்

 

திருக்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எதுவென்று நம் மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அது ஸூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து. அது எதைப் பற்றியது என்று பெரியவர்களைக் கேட்டால் சிலர் சற்றுத் தயங்குவார்கள். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று, சொர்க்க நரகத்தைப் பற்றியதுமன்று. தவணைக் கடன் கொடுத்தால் அதை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்று மறுக்கலாகாது. சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். அழைக்கப்பட்ட சாட்சிகள் வர மறுக்கலாகாது. சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சலிப்படையலாகாது. இவ்வாறெல்லாம் கற்பித்துவிட்டு, முடிவில் அல்லாஹு தஆலா இன்னொன்றையும் கட்டளையிடுகிறான். எழுதியவருக்கும், சாட்சி நின்றவருக்கும் எந்த இடரும் செய்யப்படலாகாது. செய்தால் அது நீங்கள் வரம்பு மீறிய பாவமாகும் என்பது அக்கட்டளையின் கருத்து.

முத்தும் சங்கும் ஏற்றிக் கடல் கடந்து வாணிபம் செய்த கீழக்கரையாருக்கு இந்த ஆயத்தின் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை. கணக்கு எழுதுபவரின் கை நடுங்கினால் வாணிபம் நடுங்கும். சாட்சியின் நாக்குப் புரண்டால் குடும்பம் புரளும். பேரேடு சுத்தமாக இருக்குமட்டும்தான் ஒரு வணிகனின் பெயர் சுத்தமாக இருக்கும். இதை நம் முன்னோர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று ஒரு ஊரின், ஒரு நாட்டின் பேரேடு எழுதப்படும் நாள் ஒன்று உண்டு. அதுதான் தேர்தல் நாள். அன்று எழுத்தராக அமர்ந்திருப்பவர் ஓட்டுச் சாவடி அதிகாரி. சாட்சி சொல்ல வருபவர்கள் நாம். இந்த எழுத்தருக்கும் இந்தச் சாட்சிக்கும் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதையே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

ஓட்டு என்பது என்ன?

ஓட்டு ஓர் உலக விவகாரம், அதற்கும் தீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 1976-ல் மறைந்த தஃப்ஸீர் அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இக்கேள்விக்கு விடை தந்துள்ளார்கள். ஓட்டுக்கு மூன்று தன்மைகள் உண்டு என்று அன்னார் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, அது சாட்சியம். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர், நம்பிக்கைக்குரியவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். இரண்டாவது, அது பரிந்துரை. நல்லதற்குப் பரிந்துரைத்தவருக்கு அதில் பங்குண்டு, தீயதற்குப் பரிந்துரைத்தவருக்கும் அதில் பங்குண்டு என்பது ஸூரத்துன்னிஸாவின் 85-வது ஆயத்து தரும் பாடம். மூன்றாவது, அது வகாலத். ஊராருக்குரிய காரியங்களை நடத்த ஒருவரை நம் வக்கீலாக்குகிறோம். அவர் செய்யும் நன்மையும் தீமையும் நம்மோடு நின்றுவிடுவதில்லை. ஊர் முழுவதையும் தொடும்.

இம்மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் அது அமானிதமே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு ஸூரத்துன்னிஸாவின் 58-வது ஆயத்து ஏவுகிறது. இதை விளங்கிக்கொண்டால் ஓட்டுச் சாவடி வெறும் பள்ளிக்கூடக் கட்டடமாகத் தோன்றாது. காழியின் முன் சாட்சி சொல்ல நிற்கும் இடமாகத் தோன்றும்.

திருப்பிக் கொடுக்க முடியாத களவு

சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். வாணிபத்துக்காக அடிக்கடி சென்னைக்குப் போய் வருபவர். தேர்தலுக்கு முந்திய இரவு இராமேசுவரம் ரயிலேறி, காலையில் இராமநாதபுரத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து குளித்து, ஓட்டுப் போடப் போனார். வரிசையில் நின்று உள்ளே போனால், அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே கையெழுத்து விழுந்திருந்தது. அவருடைய ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள்.

சாவடித் தலைமை அதிகாரி வெளியூர் ஆசிரியர். பெரியவரிடம் சில கேள்விகள் கேட்டு, இவர்தான் உண்மையான ஓட்டர் என்று தெரிந்துகொண்டார். சட்டப்படி அவருக்கு ஒரு காகித வாக்குச் சீட்டைக் கொடுத்தார். பெரியவர் அதில் குத்தினார். அது தனி உறையில் வைக்கப்பட்டது. ஆனால் அந்த உறையில் கிடக்கும் ஓட்டு சாதாரண எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கு நடந்து நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி அது எண்ணப்படாது. யந்திரத்தில் விழுந்த பொய் எண்ணப்பட்டது. உறையில் கிடந்த மெய் எண்ணப்படவில்லை.

வெளியே வந்த பெரியவரிடம் அவர் தெருப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "மாமா, நீங்க மெட்ராஸில இருக்கீங்கன்னு நெனச்சோம். உங்க ஓட்டு வீணாப் போகக் கூடாதுன்னுதான்..." என்றான். பெரியவர் கோபப்படவில்லை. "நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை உங்க வாப்பாகிட்டத்தான் கொடுத்துட்டுப் போறேன். ஒரு நாளாவது என் பெட்டியைத் திறந்தீங்களா தம்பி? இல்லையே. இதை மட்டும் ஏன் திறந்தீங்க?" என்றார். அவ்வளவுதான்.

அன்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பையன் நம்மிடம் வந்தான். தவ்பாச் செய்ய வேண்டும், என்ன செய்வது என்று கேட்டான். நாம் திகைத்தோம். பத்து ரூபாயைத் திருடினால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவரைப் புறம் பேசினால் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஓட்டைத் திருடினால் எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவது? பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அந்த ஒரு ஓட்டால் எண்ணிக்கையில் குறைந்துபோன வேட்பாளரிடம் யார் கேட்பது? தொகுதியின் இலட்சக்கணக்கான மக்களிடம் யார் கேட்பது? மனித உரிமையில் செய்த பாவம் உரியவர்கள் மன்னித்தாலன்றித் தீராது என்று கிதாபுகளில் ஓதுகிறோம். உரியவர்களை எண்ணவும் முடியாத பாவம் இது.

ஆகவே சகோதரர்களே, இதைச் சிறு குறும்பு என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர் வெளியூர்ப் பிழைப்புள்ள ஊர். வளைகுடாவிலும், மலேசியாவிலும், கொழும்பிலும், சென்னை மண்ணடியிலும் நம்மவர்கள் பரவியிருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஓட்டர் சிலிப் வீட்டு அலமாரியில் கிடக்கும். அந்தச் சிலிப்புதான் ஷைத்தானின் தூண்டில். "அவர் வந்திருந்தாலும் இதற்குத்தானே போட்டிருப்பார்" என்று அவன் காதில் ஓதுவான். ஒருவர் தம் சகோதரனின் கடையில் அவன் அனுமதியின்றிக் கையெழுத்துப் போட்டு வாணிபம் செய்வாரா? அவனே அனுமதித்தாலும் இதில் செல்லாது. சாட்சியம் பார்த்தவன் நாவிலிருந்தே வரவேண்டும்; ஓட்டும் ஓட்டரின் கையிலிருந்தே வரவேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் 6ஏ படிவத்தின் வழியே பெயர் பதிவு செய்ய 2010-ல் செய்த சட்டத் திருத்தம் வழி திறந்தது. ஆனால் அவர்களும் கடவுச் சீட்டுடன் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். அண்ணன் துபாயிலிருக்கத் தம்பி போடும் ஓட்டு, உலகச் சட்டப்படி ஓராண்டுவரை சிறைக்குரிய ஆள்மாறாட்டம். ஷரீஅத்துப்படி பொய்ச் சாட்சி.

பொய்ச் சாட்சியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த விதத்தை எண்ணிப் பாருங்கள். பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது சாய்ந்திருந்த அன்னார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொய்ச் சாட்சியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இனி நிறுத்தமாட்டார்களா என்று ஸஹாபாக்கள் எண்ணுமளவுக்குச் சொன்னார்கள். இந்த ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று உலகம் பேசும் வள்ளல் வாழ்ந்த ஊர் இது. செத்தும் கொடுத்தவரின் ஊரில், செத்தவர் பேரில் ஓட்டுப் போட்டார்கள் என்ற சொல் வரலாமா? வீட்டில் மவ்த்து நிகழ்ந்தால் கத்தம் ஓதுகிறோம், ஏழைகளுக்கு உணவளிக்கிறோம். அத்துடன் 7-ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுத்து மவ்த்தானவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்வதும் அவருக்குச் செய்யும் கடமையே. அவர் பெயரில் இன்னொருவர் பாவம் செய்யாமல் காப்போம்.

நனைந்த தானியம்

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டியது. நனைந்ததை மேலே வைக்காமல் ஏன் மறைத்தாய் என்று விற்றவரைக் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். வாணிபத்துக்கு மட்டுமா இந்தக் கட்டளை?

2024 ஏப்ரல் 19-ல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நமது இராமநாதபுரம் தொகுதியில் ஒரே பெயரைக் கொண்டவர்கள் பலர் சுயேச்சைகளாக நின்றதை நாமே கண்டோம். யார் என்ன நிய்யத்தோடு நின்றார்கள் என்பதை அல்லாஹ் அறிவான். தேர்தலில் நிற்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் எழுத்து அறியாத ஒரு மூதாட்டியைக் குழப்ப வேண்டுமென்பதே எவருடைய நோக்கமாகவாவது இருக்குமானால், அது நனைந்த தானியத்தை அடியில் மறைத்த கதைதான். எந்தக் கட்சிக்காரர் செய்தாலும் இதே தீர்ப்புத்தான்.

கவரில் வரும் நெருப்பு

அடுத்து, பணம். இதைப் பேசக் கூச்சமாக இருக்கிறது. பேசாமலும் இருக்க முடியவில்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்துப் பேசும் இழிவு நம் மாநிலத்துக்கு வந்தது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் சென்னை ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடாவின் காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில், கோடிக்கணக்கான ரூபாய் பிடிபட்டதைத் தொடர்ந்து, ஏப்ரல் 18-ல் நடக்கவேண்டிய தேர்தலை அதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குடியரசுத் தலைவர் ரத்துச் செய்தார். ஆகஸ்டு 5-ல்தான் அங்கே ஓட்டுப் பதிவு நடந்தது. ஆலிம்களை உருவாக்கும் புகழ்பெற்ற அரபிக் கல்லூரிகள் உள்ள வட்டாரம் அது. நமக்கு நாணமாக இல்லையா?

"அது நம் வரிப்பணம்தானே! வாங்கிக்கொண்டு இஷ்டப்பட்டவருக்குப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வரிப்பணம் என்றால் அது பொதுச் சொத்து. பொதுச் சொத்தைத் திருடியவன் நம் பங்கைக் கவரில் வைத்துக் கொடுத்தால் அது ஹலாலாகிவிடுமா? சாட்சி சொல்வதற்குக் கூலி வாங்குவது லஞ்சம். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். நம் நாட்டுச் சட்டமும் இருவரையும் குற்றவாளிகளாகவே கருதுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தேர்தல் லஞ்சத்துக்கு ஓராண்டுவரை சிறை உண்டு.

கியாமத்து நாளில் அல்லாஹ் எவர்களோடு பேசமாட்டானோ அவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு ஹதீது சொல்கிறது. அவர் உலக ஆதாயத்துக்காகவே ஒரு தலைவரிடம் பைஅத்துச் செய்தவர். கேட்டது கிடைத்தால் விசுவாசம் காட்டுவார், கிடைக்காவிட்டால் கைவிடுவார். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இது நம் தெருவைப் பார்த்துச் சொன்னதுபோல் இல்லையா? வாங்கிவிட்டவர் என்ன செய்வது? கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னாருக்கே போடுவேன் என்று குர்ஆன் மீது சத்தியம் வாங்கினார்களே என்றால், தவறான காரியத்துக்குச் செய்த சத்தியத்தை முறித்து, நல்லதைச் செய்து, கஃப்பாரா நிறைவேற்ற வேண்டும் என்பதே நபிவழி.

எழுத்தரை அறிவோம்

இனி எழுத்தரைப் பார்ப்போம். தேர்தல் அதிகாரி என்றதும் தலைநகரில் இருக்கும் பெரியவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் அவர் நம் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, அலுவலகத்துக் கணக்கர், அங்கன்வாடி ஊழியர். தமிழ்நாட்டில் 2024-ல் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இத்தகையவர்களே முந்திய நாளே யந்திரங்களோடு வந்து தங்கி, விடியுமுன் எழுந்து, இரவு பெட்டிகளை ஒப்படைக்கும்வரை ஓயாமல் இருந்தவர்கள். குஜராத்தின் கிர் காட்டிலுள்ள பானேஜ் என்னுமிடத்தில் ஒரே ஒரு ஓட்டருக்காகச் சாவடி அமைக்கச் சிங்கங்கள் உலவும் காட்டுக்குள் இவர்கள் போனார்கள். 2024 ஜூன் 1-ல் கடைசிக் கட்ட ஓட்டுப் பதிவின்போது கடும் வெயிலால் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியாளர்கள் 33 பேர் உயிரிழந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். ஒரு ஓட்டைச் சரியாகப் பதிவு செய்வதற்காக உயிர் போயிருக்கிறது!

2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தவர்கள் சாவடி நிலை அலுவலர்கள். டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு எனக் காரணம் சொல்லப்பட்டது. இத்திருத்தத்தைக் குறித்து மக்களுக்கு அச்சமும் ஐயமும் இருந்தன. அவற்றை நீதிமன்றத்திலும் மேலதிகாரிகளிடமும் எழுப்புவது நம் உரிமை. ஆனால் வாசலில் வந்து நிற்கும் அந்த அங்கன்வாடிப் பெண்மீது நம் கோபத்தைக் கொட்டலாமா? அவர் சட்டம் இயற்றியவரா? வேலைப் பளு தாங்காமல் நாட்டின் பல பகுதிகளில் இந்த அலுவலர்கள் மனமுடைந்து உயிர் மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. 2025 டிசம்பரில், அவர்களின் பளுவைக் குறைக்கக் கூடுதல் ஆட்களை அமர்த்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று.

எழுத்தருக்கு இடர் செய்யாதீர்கள் என்ற கட்டளை இங்கேதான் நம்மை நோக்கி வருகிறது. அடிப்பது மட்டும் இடரன்று. மிரட்டுவது இடர். "நீ எந்தக் கட்சி?" என்று கேட்பது இடர். மூன்று முறை வந்தும் கதவைத் திறக்காமலிருப்பது இடர். அவர் செய்யாததைச் செய்ததாகக் கைப்பேசியில் பரப்புவது எல்லாவற்றிலும் பெரிய இடர். பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது ஆயத்து நமக்குக் கற்பிக்கவில்லையா?

அன்பிலும் ஓர் இடர் உண்டு. அதை நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். விருந்தோம்பலில் நாம் பெயர் பெற்றவர்கள். வெளியூரிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு சஹன் சோறு அனுப்பாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. ஆனால் உள்ளூராரின் உபசாரத்தை ஏற்கலாகாது என்பது அவர்களுக்குள்ள விதி. அவர்கள் மறுத்தால், "எங்கள் வீட்டுச் சோறு ஆகாதா?" என்று நாம் வருந்துகிறோம். வருந்தக் கூடாது, மகிழ வேண்டும். ஸக்காத்து வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" என்று பிரித்துக் காட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். நம் சோற்றை மறுக்கும் அதிகாரி, அறிந்தோ அறியாமலோ, அந்த நபிமொழியின்படி நடக்கிறார். அவருக்கு நாம் தரக்கூடிய விருந்து சத்தமில்லாத வரிசையும், சலாமும், ஒரு நன்றிச் சொல்லும்தான்.

எழுத்தர் தவறினால்?

அதிகாரி செய்வதெல்லாம் சரி என்றா சொல்கிறோம்? இல்லை. நீதியாக எழுத வேண்டும் என்ற கட்டளைதான் ஆயத்தில் முதலில் வருகிறது. 2024 ஜனவரி 30-ல் சண்டிகர் மேயர் தேர்தலை நடத்திய அதிகாரி 8 வாக்குச் சீட்டுகளில் தாமே கோடு கிழித்துவிட்டு அவற்றைச் செல்லாதவை என்று அறிவித்தார். கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்து, அந்த 8 ஓட்டுகளும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எழுத்தர் பொய்யெழுதினால் அதைத் திருத்தியது கல்வீச்சன்று, சாட்சியும் நீதிமன்றமும்தான்.

ஆகவே ஐயமுள்ளவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசுவதைவிடச் சாவடியில் ஏஜெண்டாக அமர்வது நலம். ஓட்டுப் பதிவுக்கு முன் ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு யந்திரத்தைச் சோதிக்கிறார்கள். பிறகு அவற்றை அழித்துவிட்டுத்தான் முத்திரை வைக்கிறார்கள். அந்நேரம் நம் ஏஜெண்டு தூங்கிக்கொண்டிருந்தால் குற்றம் யாருடையது? நாம் பொத்தானை அழுத்தியதும் காகிதச் சீட்டு 7 வினாடிகள் கண்ணாடிக்குள் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். முடிவில், பதிவான மொத்த ஓட்டுகளை 17சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்கிறார்கள். எண்ணும் நாளில் அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவையெல்லாம் எழுத்தருக்கு அருகே சாட்சியை உட்கார வைக்கும் ஏற்பாடுகள். குர்ஆன் காட்டிய ஒழுங்கும் இதுதானே!

சாட்சியாக வரும் நம் பெண்கள்

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1951-52-ல் நடந்த முதற் பொதுத் தேர்தலின்போது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதிக்கொடுத்துத் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் வடமாநிலங்களில் ஏராளம். அப்படிப் பதிவான சுமார் 28 இலட்சம் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. சாட்சிக்குப் பெயர் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் தம் பெயரோடு வந்தார்கள்.

பர்தா அணிந்த பெண்களை அடையாளம் பார்க்கச் சாவடியில் பெண் அலுவலர் இருப்பார். அவரிடம் முகத்தைக் காட்டுவதில் யாதொரு தடையும் இல்லை. சாட்சியத்துக்காகவும் கொடுக்கல் வாங்கலுக்காகவும் முகம் பார்ப்பது கூடும் என்று மின்ஹாஜ் முதலிய நமது ஷாஃபிஈ மத்ஹபுக் கிதாபுகளே அனுமதிக்கின்றன. அதிகாரி அடையாளம் கேட்டால் அவமதிப்பதாகக் கொள்ள வேண்டாம். உங்கள் ஓட்டை வேறொருத்தி போட்டுவிடாமல் காக்கிறார் என்று கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணை ஒரு கட்சி ஏஜெண்டு ஆட்சேபித்தார். அங்கிருந்த அதிகாரிகளும் மற்றக் கட்சி ஏஜெண்டுகளும் அதை ஏற்கவில்லை. ஆட்சேபித்தவரே வெளியே அனுப்பப்பட்டார். அப்பெண் ஓட்டுப் போட்டார். அன்று நமக்காக நின்ற எழுத்தர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோமா? ஒருவர் தவறினால் ஆண்டுக்கணக்கில் பேசுகிறோம். பலர் நேர்மையாக நிற்கும்போது ஒரு துஆவும் செய்வதில்லை.

ஜமாஅத்துகள் செய்யவேண்டியவை

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் சில காரியங்களைச் செய்யலாம். மவ்த்தானவர்களின் பெயர் நீங்கியதா, 18 வயதான பிள்ளைகளின் பெயர் 6-ஆம் படிவத்தின் வழியே சேர்ந்ததா என்று பட்டியல் திருத்தக் காலத்தில் பார்ப்பது ஒன்று. அலுவலர் வரும் நாளை அறிவித்து, வீட்டார் ஆவணங்களோடு காத்திருக்கச் செய்வது மற்றொன்று. தேர்தலுக்கு முந்திய ஜும்ஆவில், எந்தக் கட்சியின் பெயரையும் எடுக்காமல், ஆள்மாறாட்டமும் பணமும் ஹராம் என்று மிம்பரில் அறிவிப்பது கத்தீபுகளின் கடமை. சந்தேகங்களுக்கு 1950 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2024-ல் ஓட்டுப் பதிவு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. இனியும் அவ்வாறு அமையலாம். காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்கு வரலாம். அல்லது தொழுதுவிட்டுப் போகலாம். முடியும் நேரத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஓட்டுப் போடச் செய்வார்கள். எனவே கூட்டத்தில் முண்டியடித்து எழுத்தரைத் தவிக்கவிடத் தேவையில்லை.

நாம் மேலே சொன்ன பையன் இப்போது குடும்பஸ்தன். அந்த ஓட்டை அவனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் தன் சாவடியில் ஏஜெண்டாக அமர்ந்து, ஊரில் இல்லாதவர் பெயரில் எவர் வந்தாலும், தன் கட்சிக்காரரே ஆயினும், எழுந்து நின்று தடுத்திருக்கிறான். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராயினும் அல்லாஹ்வுக்காகச் சாட்சியாக நில்லுங்கள் என்று ஸூரத்துன்னிஸாவின் 135-வது ஆயத்து ஏவுவதை அவன் கிதாபில் ஓதவில்லை. ஒரு பெரியவரின் கேள்வியிலிருந்து கற்றுக்கொண்டான்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும், எங்கள் விரலையும் பொய்ச் சாட்சியிலிருந்து காப்பாயாக! எங்கள் காரியங்களை எழுதும் கைகளுக்கு நேர்மையையும் வலிமையையும் தருவாயாக! அவர்களுக்கு எங்களால் எந்த இடரும் நேராமல் அருள்வாயாக! எங்கள் ஊரையும் எங்கள் நாட்டையும் அமானிதம் பேணுவோரின் பொறுப்பில் ஆக்கி வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!